சான் இசித்ரோவை நடுவழியில் நிறுத்திய கார்

ஒர்லிந்தா மாயெஸ்தாஸ் அந்தக் காரை ஒரு குதிரைக்கு மாற்றாக வாங்கினாள். பார்த்தவரையெல்லாம் கடிக்கிற குதிரை அது. தபால்காரரைக் கடித்திருந்தது, தீவன வண்டிக்காரரைக் கடித்திருந்தது, ஒரு ஞானஸ்நான விருந்தில் சாமியாரின் தோளையே பதம் பார்த்திருந்தது. பக்கத்து ஊர்ப் பண்ணைக்காரர் ஒருவர் வந்து, "எனக்குக் கடிக்கிற குதிரைதாம்மா புடிக்கும், அதுலதான் உசிர் இருக்கும்" என்று சொல்லி அதை ஓட்டிக்கொண்டு போனார். பதிலுக்கு, அவர் கொட்டகையில் கோழிகள் அடைந்து கிடந்த 1951ஆம் வருடத்துச் செவ்ரலே ஒன்றை இழுத்துவந்து ஒர்லிந்தாவின் முற்றத்தில் விட்டார். அவள் கணவன் க்ரூஸ் ஜன்னல் வழியாக உள்ளே எட்டிப் பார்த்து, "முட்டை ஏதாவது கெடக்கான்னு பாரு" என்றான். அவ்வளவுதான் அவன் சொன்னது.

அதன்பிறகு பதினோரு வருடம். பகலெல்லாம் பள்ளிக்கூடச் சமையலறையில் இருநூறு பிள்ளைகளுக்கு அவரையும் சோறும் ஆக்கிவிட்டு வந்து, சாயங்காலம் இரண்டு மணி நேரம் காருக்குக் கீழே கிடப்பாள். கோழி எச்சத்தைச் சுரண்டினாள். என்ஜினைப் பிரித்துக் கோத்தாள். தரையை உரசுகிற அளவுக்குக் காரின் உடம்பைத் தாழ்த்தி இறக்கினாள். பழுத்த பிளம்ஸ் பழத்தின் நிறம் ஏறியதும், ஈஸ்டர் ஞாயிறன்று எஸ்பான்யோலா நகரத்துப் பெரிய சாலையில் நடை வேகத்தில் ஊர்ந்து போகிற கார் வரிசையில் அவளும் சேர்ந்துகொண்டாள். அந்த வரிசையில் பெண்கள் பெரும்பாலும் பக்கத்து இருக்கையில்தான் இருப்பார்கள். ஒர்லிந்தா ஓட்டுவாள்; க்ரூஸ் பக்கத்தில் உட்கார்ந்து சூரியகாந்தி விதை மெல்லுவான்.

கார் மட்டுமில்லை. அவர்கள் ஊரான எல் சவ்ஸாலின் வாய்க்காலுக்கு அவள்தான் மணியக்காரி. யார் வயலுக்கு எந்த நாள் தண்ணீர், எத்தனை மணி நேரம், எந்த மடையை எப்போது அடைப்பது எல்லாம் அவள் கையில். ஊர் கூடி ஓட்டுப் போட்டு அந்த வேலையை ஒரு பெண்ணுக்குக் கொடுத்தது அதுவே முதல் தடவை. ஆறு வருடமாகச் செய்கிறாள். ஆறு வருடமாக ஆண்கள் வேலியில் சாய்ந்து நின்றுகொண்டு தண்ணீர் எப்படி ஓடும் என்று அவளுக்குப் பாடம் எடுக்கிறார்கள். அதனால் எல்லாம் தெரிந்தவர்களைப் பொறுத்துக்கொள்வதில் அவளுக்கு நல்ல பழக்கம் உண்டு. அந்தப் பழக்கமும் போதாமல் போனது அந்த வருட வசந்தத்தில்.

அதற்கு முந்தின நவம்பரில் அவளுக்கு முழங்கால் அறுவை. அல்புக்கர்க்கியில் மகள் வீட்டில் மூன்று வாரம் தங்கிவிட்டு வந்தாள். குளிர்காலம் முழுக்கக் கார் கொட்டகையில் தூங்கியது. ஏப்ரலில் எடுத்து ஓட்டினால், சமதரையில் வெண்ணெய் மாதிரி போகிறது. கோவில் மேட்டில் ஏறினால் பாதி மேட்டில் இரண்டு தடவை இருமுகிறது, ஒரு குலுக்கு குலுக்குகிறது, நின்றுவிடுகிறது. பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தால் மறுபடி ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்புகிறது.

அது அடியோடு கெட்டுப்போயிருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு எரிச்சல் வந்திருக்காது. கெட்டுப்போனதை ஒட்டலாம், மாற்றலாம். தேடும்போது ஒளிந்துகொண்டு, நிம்மதியாகப் போகும்போது மட்டும் காலை வாருகிற கோளாறை என்ன செய்வது?

அதற்குள் மச்சான் வந்துவிட்டார்.

மச்சான் என்றால் பிலிபெர்த்தோ சீஸ்னெரோஸ், ஒர்லிந்தாவின் அக்காள் பெனிக்னாவின் கணவர். அக்காள் இறந்து ஆறு வருடம் ஆகிறது. அன்று முதல் அவர் மதியச் சாப்பாடு ஒர்லிந்தா வீட்டில்தான். எழுபத்திரண்டு வயது. முப்பது வருடம் கல் லாரி ஓட்டியவர். இரண்டு வருடம் முன்னால் மூட்டுவலி என்று சொல்லித் தன் வண்டியை விற்றுவிட்டார். அதிலிருந்து ஊரிலுள்ள எல்லா வண்டியும் அவருடைய வண்டி.

"பெட்ரோல் ஆவியாகுது," என்றார், காரைப் பார்க்காமலே. "இது ஏழாயிரம் அடி உசரம். இப்ப வர்ற பெட்ரோல் தண்ணி மாதிரி. என்ஜின் சூட்டுக்குக் குழாய்க்குள்ளயே கொதிச்சு ஆவியாகி அடைச்சுக்குது. ஆறினா சரியாகுதா இல்லையா?"

"ஆகுது."

"அப்புறம் என்ன பேச்சு? துணி காயப்போடற மரக் கிளிப்பு எடுத்துட்டு வா. குழாய்ல வரிசையா மாட்டிட்டா சூட்டை மரம் வாங்கிக்கும்."

ஊரில் பலபேர் செய்கிற வைத்தியம்தான் அது. ஒர்லிந்தாவுக்கு நம்பிக்கையில்லை; ஆனால் மறுத்தால் சாப்பாடு முடிகிறவரை அதையே பேசுவார். கொடியிலிருந்த கிளிப்புகளைக் கொடுத்தாள். அவர் பானெட்டுக்குள் குனிந்து, மூக்கு இரும்பில் இடிக்க, இருபத்திரண்டு கிளிப்பு மாட்டினார்.

மறுநாள் மேட்டில் கார் நின்றது. அவள் இறங்கிப் பானெட்டைத் தூக்கினாள். கிளிப்புகள் ஒழுங்காக, அணிவகுப்புச் சிப்பாய்கள் மாதிரி நின்றன. பிரேக் குழாயின்மேல்.

"மச்சான்! இது பிரேக் குழாய்!"

"எது?"

"நீங்க கிளிப்பு மாட்டுனது!"

"அதுவும் சூடாகும்ல?" என்றார் பிலிபெர்த்தோ, கண்ணைச் சுருக்கிக்கொண்டு. கொஞ்சமும் அசரவில்லை. "பக்கத்துலதான இருக்கு. மாத்தி மாட்டு."

மாற்றி மாட்டினாள். அதன்பிறகும் நின்றது. வீட்டில் ஒரு துணி காயப்போட வழியில்லை. க்ரூஸின் உள்ளாடைகள் ஆப்ரிகாட் மரத்துக் கிளைகளில் தொங்கின, ஏப்ரல் காற்று அவற்றை ஒவ்வொன்றாகப் பக்கத்து வயலுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

அடுத்த வாரம் வாய்க்கால் கூட்டத்தில் வேறொரு வம்பு சேர்ந்துகொண்டது. மே பதினைந்து, உழவர்களின் புனிதர் சான் இசித்ரோவின் திருநாள். அவருடைய மரச் சுரூபத்தை வயல்களைச் சுற்றிப் பவனியாகக் கொண்டுபோய், வாய்க்கால் தலைமடையில் தண்ணீரை மந்திரிப்பது வழக்கம். தூக்குகிறவர்களுக்கெல்லாம் வயதாகிவிட்டது, ஒருவருக்குத் தோள், ஒருவருக்கு இடுப்பு. "இந்த வருசம் மணியக்காரி கார்ல கொண்டுபோனா என்ன?" என்று யாரோ சொல்ல, எல்லாரும் கை தட்டிவிட்டார்கள். ஒர்லிந்தா வாயைத் திறப்பதற்குள் பிலிபெர்த்தோ எழுந்து, "தாராளமா! கார் என் பொறுப்பு" என்றார்.

வீட்டுக்கு வருகிற வழியில் க்ரூஸ்தான் சொன்னான்: "நீ ஏன் அவரை நம்பிக்கிட்டிருக்க? வாய்க்கால்ல தண்ணி வரலன்னா என்ன செய்வ?"

"நடந்து பாப்பேன். தலையிலருந்து கடைசி வரைக்கும்."

"அப்ப நட."

சனிக்கிழமை காலை அவள் கொட்டகைக் கதவை உள்பக்கம் தாழிட்டுக்கொண்டு வேலையைத் தொடங்கினாள். டேங்கிலிருந்து பெட்ரோலை இழுக்கிற பம்பின் அடியில் ஒரு சின்னக் கண்ணாடிக் கிண்ணம் இருக்கும். பெட்ரோல் அதன் வழியாகத்தான் கார்புரேட்டருக்கு ஏறும். முதலில் அதைத் துடைத்தாள். பிறகு காரை மேட்டுக்கு ஓட்டிப்போய், நின்ற மறுநொடி பானெட்டைத் தூக்கிப் பார்த்தாள். கிண்ணம் காலி. அடியில் இரண்டு சொட்டு. ஆக, என்ஜின் பட்டினியில் சாகிறது. தீப்பொறி தருகிற கம்பிச்சுருளும் காரணமில்லை, கார்புரேட்டரும் காரணமில்லை.

"அதான் நான் சொன்னேன்ல, ஆவி," என்று கதவுக்கு வெளியிலிருந்து மச்சானின் குரல் வந்தது, அவள் திரும்பி வந்து க்ரூஸிடம் விவரம் சொன்னதும்.

ஆவியா, அடைப்பா? இதைப் பிரித்துப் பார்க்க ஒரு வழி இருந்தது. பக்கத்து வீட்டு நெஸ்தோர், அபிக்யூ ஏரியில் மீன் பிடிக்கிறவர். அவருடைய படகின் சிவப்புப் பெட்ரோல் டப்பாவை இரவல் வாங்கினாள். காரின் டேங்கிலிருந்து வருகிற குழாயைப் பம்பிலிருந்து கழற்றி மூடிவிட்டு, அந்த இடத்தில் படகு டப்பாவின் குழாயை மாட்டினாள். டப்பாவைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும். க்ரூஸ் முன் இருக்கையில் உட்கார்ந்து அதை மடியில் வைத்துக் கைப்பிள்ளை மாதிரி அணைத்துக்கொண்டான். குழாய் ஜன்னல் வழியாக வெளியே போய்ப் பானெட்டுக்குள் நுழைந்தது.

"ஒர்லி, இது வெடிச்சா என் தோள்வலி போயிரும்ல?"

"எல்லா வலியும் போயிரும். ஆட்டாம புடி."

கோவில் மேட்டில் ஏறினார்கள். கார் இருமவில்லை. இறங்கி மறுபடி ஏறினார்கள். மூன்றாவது தடவை என்ஜின் நன்றாகக் கொதிக்கட்டும் என்றே இரண்டாவது கியரில் உறும விட்டு ஏற்றினாள். அதே வெயில், அதே உயரம், அதே பெட்ரோல். நிற்கவே இல்லை. மேட்டின் உச்சியில் நிறுத்தி ஸ்டியரிங்கில் ஒரு குத்து விட்டாள்.

"ஆவியாம், ஆவி! கோளாறு பம்புக்கு இந்தப் பக்கம் இல்ல. டேங்குக்கும் பம்புக்கும் நடுவுல எங்கயோ அடைச்சிருக்கு."

பிலிபெர்த்தோ இதைக் கேட்டுவிட்டு ரொட்டியைக் குழம்பில் தோய்த்தார். "படகு டப்பால இருக்கிறது படகுப் பெட்ரோல்," என்றார். "அது வேற சாதி."

ஒர்லிந்தா கரண்டியை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து வெளியே போய், இரண்டு நிமிடம் நின்று மூச்சு விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

குழாயைப் பார்ப்பது சுலபம். பம்புப் பக்க நுனியில் காற்று மெஷினை மெதுவாக வைத்து, டேங்குப் பக்கமாக ஊதினாள். க்ரூஸ் பெட்ரோல் மூடியைத் திறந்து காதை வைத்துக்கொண்டு நின்றான். முதலில் ஒன்றுமில்லை. பிறகு "பளக்" என்று ஏதோ விடுபட்ட சத்தம், அதன்பின் கொதிக்கிற பானை மாதிரிக் குமிழிச் சத்தம்.

"வந்துருச்சு!" என்றான் க்ரூஸ்.

அன்று கார் மேட்டில் ஏறியது. மறுநாளும் ஏறியது. அதற்கடுத்த நாள் எஸ்பான்யோலாவுக்குப் போய்த் திரும்பியது. கிளிப்புகளைக் கழற்றிக் கொடிக்குக் கொண்டுபோனாள். கண்ணாடிக் கிண்ணத்தில் ஒரு தூசியும் இல்லை. அடைத்தது என்ன, ஊதியபோது அது எங்கே போனது என்ற கேள்வி அவள் மனதில் வந்தது, வராமலில்லை. வாய்க்காலில் அடைத்த கட்டையை நீரோட்டத்துக்கு எதிராகத் தள்ளிவிட்டால் அது ஒழிந்துவிடாது, மேலேதான் மிதந்துகொண்டிருக்கும் என்று அவளுக்குத் தெரியாதா? ஆனால் திருநாளுக்கு நான்கு நாள்தான் இருந்தது. பள்ளிக்கூடத்தில் ஆண்டிறுதி விருந்து வேறு. ஓடுகிற காரை ஏன் பிரிக்க வேண்டும் என்று விட்டுவிட்டாள். அதை நினைத்து அவள் பிற்பாடு பலமுறை தன்னையே திட்டிக்கொண்டாள்.

திருநாளன்று காலை பூசை முடிந்ததும், பானெட்டின்மேல் பலகை கட்டி, காகிதப்பூ சுற்றி, சான் இசித்ரோவை நிற்கவைத்துக் கயிற்றால் கட்டினார்கள். முழங்கை உயரச் சுரூபம், கையில் கலப்பைக்கோல், பக்கத்தில் ஒரு ஜோடிக் காளை. ஒர்லிந்தா கறுப்புப் பூப்போட்ட நல்ல உடுப்பு உடுத்தியிருந்தாள். பின்னால் சாமியார், அவருக்குப் பின்னால் எண்பது வயது எலோயிசா கிழவி தலைமையில் பாடுகிற பெண்கள், பிறகு ஊர். கார் ஆமைபோல் வயல் பாதையில் நகர்ந்தது.

தலைமடைக்குப் போகிற ஏற்றம் தொடங்கியது. மூன்றாவது பாட்டின் இரண்டாவது அடியில் கார் இருமியது.

"வேண்டாம்," என்றாள் ஒர்லிந்தா காரிடம். "வேண்டாம், வேண்டாம், வேண்டாம்."

நின்றுவிட்டது. குழாயைக் கழற்ற வேண்டும். குழாயைக் கழற்றப் பானெட்டைத் தூக்க வேண்டும். பானெட்டைத் தூக்க சான் இசித்ரோவை இறக்க வேண்டும். கயிற்றை அவிழ்த்து, சுரூபத்தை எலோயிசாவின் கையில் கொடுத்தார்கள். காளைகளைச் சாமியார் வாங்கிக்கொண்டார். ஒர்லிந்தா நல்ல உடுப்போடு குனிந்து, கையைக் கீழே விட்டு, குழாயைக் கழற்றி, வாயை வைத்து ஊதினாள். காற்று மெஷின் வீட்டில் இருந்தது, என்ன செய்ய? இரண்டாவது ஊதலில் "பளக்". அதோடு ஒரு வாய்ப் பெட்ரோலும் திரும்பி வந்தது. துப்பினாள், கண்ணீர் வடிந்தது, மாட்டினாள். சான் இசித்ரோ மறுபடி மேலேறினார். பெண்கள் பாட்டை முதலிலிருந்து தொடங்கினார்கள்.

முந்நூறு அடி போனதும் மறுபடி நின்றது. மறுபடி கயிறு, மறுபடி காளை, மறுபடி பெட்ரோல் வாய். சாமியார் ஏதோ மந்திரம் சொல்லிக் கையை உயர்த்தினார். காருக்கா அவளுக்கா என்று தெரியவில்லை. கூட்டத்துக்குள்ளிருந்து பிலிபெர்த்தோ மூச்சு வாங்க முன்னால் வந்தார்.

"கிளிப்பைக் கழட்டிட்டியா? ஏன் கழட்டுன? நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேன்..."

"மச்சான்," என்றாள் ஒர்லிந்தா, வாயைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, "இந்தப் புனிதர் முன்னால நிக்கிறதால நான் வாயைக் கட்டிக்கிட்டிருக்கேன். பத்தடி தள்ளி நின்னீங்கன்னா ரெண்டு பேருக்கும் நல்லது."

மூன்றாவது தடவையும் நின்றது. எலோயிசா கிழவி தடியை ஊன்றிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"கழட்டு கயித்தை. நாங்க தூக்கிட்டுப் போறோம். பாடுன பாட்டையே எத்தனை தடவை பாடறது? கேட்டுக் கேட்டு அவருக்கே மனப்பாடம் ஆயிருக்கும்."

பெண்கள் நால்வர் பலகையைத் தோளில் வைத்துக்கொண்டார்கள். பவனி காரைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறிப் போனது. ஒர்லிந்தா ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மணியக்காரி இல்லாமலே தலைமடையில் தண்ணீர் மந்திரிக்கப்பட்டது.

நெஸ்தோரின் டிராக்டர் காரை வீட்டுக்கு இழுத்துவந்தது. கோவில் கூடத்தில் விருந்து. சிவப்பு மிளகாயில் ஊறிய பன்றிக்கறி வாசம் தெருவரைக்கும் அடித்தது. ஒர்லிந்தா போகவில்லை. நல்ல உடுப்புக்கு மேலேயே க்ரூஸின் பழைய சட்டையை மாட்டிக்கொண்டு, காரின் பின்பக்கத்தை ஜாக்கியில் ஏற்றினாள்.

"சாப்ட்டுட்டு செய்யலாமே," என்றான் க்ரூஸ்.

"இன்னிக்கு இந்த டேங்கு கீழ வரணும். இல்ல, நான் இதுக்குத் தீ வைக்கணும்."

பெட்ரோலை வாளிகளில் வடித்தார்கள். இரண்டு இரும்புப் பட்டைகளைக் கழற்றி, டேங்கை இறக்கி முற்றத்தில் வைத்தார்கள். மேல்மூடியைத் திறந்து, உறிஞ்சு குழாயை உருவி எடுத்தாள். அதன் வாயில் ஏதோ ஒட்டிக்கொண்டு வந்து, "சொத்" என்று விழுந்தது.

சாம்பல் நிறத் தோல். உள்ளங்கை அகலம். சுட்ட பச்சை மிளகாயின் தோல் உரிகிற மாதிரி மெல்லிய, வழவழத்த தோல். அதன் நடுவில் குழாய் வாயின் அளவுக்கு வட்டமாக ஒரு தழும்பு. ஒர்லிந்தா டேங்குக்குள் டார்ச் அடித்தாள். உள்சுவர் முழுக்க அதே தோல் உரிந்து தொங்கியது, மிதந்தது. எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது. மேட்டில் என்ஜின் வேகமாக உறிஞ்சும்போது இந்தத் தோல் மிதந்துவந்து குழாய் வாயைப் பொத்தியிருக்கிறது. என்ஜின் நின்றதும் உறிஞ்சல் நின்று தானே விலகியிருக்கிறது. ஊதினால் நகர்ந்திருக்கிறது. குழாய்க்குள் நுழைய முடியாத அளவுக்குப் பெரிசு. அதனால்தான் கண்ணாடிக் கிண்ணத்தில் ஒரு தூசியும் விழவில்லை.

"இது என்னது?" என்றாள். "நான் இந்த டேங்குக்குள்ள எதுவும் பூசலையே."

கொட்டகை வாசலில், கையில் விருந்துத் தட்டோடு பிலிபெர்த்தோ நின்றார். அவளுக்குத்தான் கொண்டுவந்திருந்தார், தட்டின்மேல் ஒரு துணி மூடியிருந்தது. அவர் வாய் திறக்காமல் நிற்பதை ஒர்லிந்தா பார்த்தாள். அவரை வாய் திறக்காமல் அவள் பார்த்ததே இல்லை.

"மச்சான்?"

"நவம்பர்ல," என்றார் அவர். "நீ முட்டி ஆபரேசனுக்குப் போயிருந்தப்ப. டேங்குக்குள்ள துரு புடிக்குதுன்னு புலம்பிட்டே இருந்த. உள்ள ஊத்திச் சுத்தி விட்டா கண்ணாடி மாதிரி புடிச்சுக்கும்னு ஒரு பூச்சு விக்கிறாங்க. நீ வந்ததும் சொல்லணும்னு... அப்புறம் குளிர் வந்துருச்சு. மறந்தே போச்சு. நல்லாத்தான் புடிச்சிருந்துச்சு."

"நல்லாத்தான் புடிச்சிருந்துச்சு!" ஒர்லிந்தாவின் குரல் ஏறியது. "ஒரு மாசம்! ஒரு மாசம் நான் இந்தக் காருக்கடியில கெடந்தேன்! கிளிப்பு மாட்டுனீங்க, ஆவின்னீங்க, படகுப் பெட்ரோல் வேற சாதின்னீங்க! ஊரே பாக்க சான் இசித்ரோவை மூணு தடவை இறக்குனேன்! என் நாக்குல இன்னும் பெட்ரோல் நாறுது! அந்த டப்பா எங்க?"

டப்பா கொட்டகை அலமாரியில், அவர் வைத்த இடத்திலேயே இருந்தது. ஒர்லிந்தா அதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பின்பக்கத்தைப் படித்தாள்.

"துருவை முழுசா எடுக்கணும்னு போட்டிருக்கு."

"எடுத்தேனே."

"மூணு நாள் காயணும்."

"காஞ்சுச்சு."

"கூட இருக்கிற சின்ன பாட்டிலை முழுசாக் கலக்காம ஊத்தவே கூடாது, கெட்டியாகாம உரிஞ்சிரும்னு போட்டிருக்கு. பெரிய எழுத்துல. சின்ன பாட்டில் எங்க?"

பிலிபெர்த்தோ தட்டைக் கார் மட்கார்டின்மேல் வைத்தார். "அது சாம்பிள்னு நெனச்சேன்," என்றார்.

"சாம்பிளா? இங்க சிவப்பு எழுத்துல, கட்டம் கட்டிப் போட்டிருக்கான்! இதைக் கூடவா படிக்கல?" அவள் டப்பாவை அவர் முகத்துக்கு நேராக நீட்டினாள். "படிங்க. இப்பவாவது படிங்க."

அவர் டப்பாவை வாங்கினார். கையை நீட்டிப் பிடித்தார், பிறகு மூக்குக்கு அருகில் கொண்டுவந்தார். வாசல் வெளிச்சத்துப் பக்கம் திரும்பினார். க்ரூஸ் ஸ்பானரைத் துடைப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தான்.

"எழுத்தெல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு," என்றார் பிலிபெர்த்தோ கடைசியில். "ரெண்டு வருசமா."

ஒர்லிந்தாவின் வாயில் இன்னும் பத்து நிமிடத்துக்கான வசவு மிச்சமிருந்தது. பிரேக் குழாயில் அணிவகுத்த கிளிப்புகள் அவள் கண்முன் வந்தன. மூட்டுவலி என்று சொல்லி விற்ற வண்டி வந்தது. சாப்பாட்டு மேசையில் உப்பைத் தேடிக் கை தடவுவதைப் பார்த்துவிட்டு, 'கெழவன் சோம்பேறி, பாக்காம எடுக்கிறான்' என்று நினைத்ததும் வந்தது.

"முழுசாக் கோவப்படக்கூட விடமாட்டீங்களா மச்சான்," என்றாள். அந்தக் கணத்தில் அவளுக்கு எல்லாவற்றையும்விட எரிச்சலாக இருந்தது அதுதான். "ஏன் சொல்லல?"

"சொன்னா வண்டியத் தொட விடுவியா?"

"இப்ப மட்டும் விடப்போறேனாக்கும்?"

அவர் சிரித்தார், கொஞ்சம்தான். "பெனிக்னா இருந்தா படிச்சுச் சொல்லியிருப்பா," என்றார். பிறகு தட்டின் துணியை எடுத்தார். "கறி ஆறிடும், சாப்புடு. பெட்ரோல் வாய்க்கு நல்லது."

அவள் சாப்பிட்டாள். கறியிலும் பெட்ரோல்தான் மணத்தது.

டேங்கைச் சுத்தம் செய்ய ஒன்பது நாள் ஆனது. ஜல்லியும் துண்டுச் சங்கிலியும் உள்ளே போட்டு, கரைப்பான் ஊற்றி, வாய்க்கால் சங்கத்தின் சிமெண்ட் கலக்குகிற மெஷினில் வைத்துக் கட்டிச் சுற்றவிட்டார்கள். சங்கத்து மெஷினை மணியக்காரி சொந்தக் காருக்கு எப்படி உபயோகிக்கலாம் என்று அடுத்த கூட்டத்தில் ஒருவர் கேள்வி கேட்டார். "சான் இசித்ரோ வேலையா எடுத்தேன்," என்றாள் ஒர்லிந்தா. பிலிபெர்த்தோ ஒன்பது நாளும் மெஷினுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, சத்தத்தை வைத்தே தோல் உரிகிறதா இல்லையா என்று சொன்னார். அதில் மட்டும் அவர் ஒருமுறைகூடத் தவறவில்லை. அவர் போதும் என்று சொன்ன நாளில் உள்ளே கையை விட்டுப் பார்த்தால் வெறும் இரும்பு. குழாயை இரண்டு பக்கமும் ஊதி, உறிஞ்சு குழாயின் வாயில் வலை கட்டி, டேங்கை ஏற்றினாள். கோவில் மேட்டில் கார் இருமாமல் ஏறியது. முடிதிருத்தும் கடையில் பிலிபெர்த்தோ, "டேங்குக்குள்ளதான் கோளாறுன்னு கடைசில நாந்தான் கண்டுபுடிச்சேன்" என்று சொல்லிக்கொண்டிருப்பதாக நெஸ்தோர் வந்து சொன்னார். ஒர்லிந்தா கண்ணை மூடித் திறந்தாள்.

பிலிபெர்த்தோவுக்கு இரண்டு கண்ணிலும் கண்புரை என்றார் டாக்டர். ஜூன் கடைசியில் சாந்தா ஃபேயில் முதல் கண்ணுக்கு அறுவை. க்ரூஸின் டிரக்கில் போகமாட்டேன் என்று அடம் பிடித்தார். ஆஸ்பத்திரிக்குப் போவதென்றாலும் செவ்ரலேயில், ஒரு மரியாதையோடு போகவேண்டுமாம். போகும்போது எந்த வளைவில் எந்த கியர் என்று இருபத்தைந்து மைலும் சொல்லிக்கொண்டே வந்தார். அவள் ரேடியோவைப் போட்டாள். அவர் ரேடியோவைவிடச் சத்தமாகச் சொன்னார்.

மறுநாள் கட்டுப் பிரித்தார்கள். ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்று மலையைப் பார்த்தார், எதிரில் நின்ற மரத்தைப் பார்த்தார், ஒர்லிந்தாவைப் பார்த்து, "நீ எப்ப இவ்வளவு நரைச்ச?" என்றார். பிறகு காரை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, பின்பக்க மட்கார்டில் குனிந்து நின்றார்.

"ஒர்லிந்தா, இங்க வா. இங்க பெயிண்ட் வழிஞ்சிருக்கு பாரு. மூணு எடத்துல. மெழுகுவத்தி ஒழுகுன மாதிரி. எந்த மடையன் அடிச்சான் இதை?"

"நீங்கதான் மச்சான். போன வருசம்."

அவர் இன்னும் கொஞ்சம் குனிந்து, விரலால் தடவிப் பார்த்தார்.

"தூரத்துலருந்து பாத்தா தெரியாது," என்று சொல்லிவிட்டு, கதவைத் திறந்து உள்ளே ஏறி உட்கார்ந்தார்.